செவந்தி இழுத்த வண்டியில் தூங்கினவன்

குதிரை வண்டிக்காரன் குதிரையை ஓட்டுகிறான் என்று ஊர் நினைக்கிறது. குதிரை அப்படி நினைப்பதில்லை.

வாயில்லாத ஜீவனோடு சேர்ந்து சோறு தின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மாடு கட்டினவர்கள், ஆடு மேய்த்தவர்கள், பழைய லாரியோடு மல்லுக்கட்டினவர்கள்கூட நம் இனம்தான். அது கிளம்பினால் நமக்குப் பிழைப்பு. அது நின்றால் நாமும் நிற்க வேண்டும். முதலாளி திட்டுவதும் ஏறினவர் திட்டுவதும் நம்மை. அது காதை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும்.

நான் பிறந்தது புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். பால்மரம் வெட்டுகிறவன் கோழி கூவுமுன் எழுந்துவிட வேண்டும். எனக்குத் தூக்கம் பெரிது. உட்கார்ந்தபடி செய்கிற வேலை எங்கே கிடைக்கும் என்று தேடித்தான் மலாக்கா டவுனுக்கு வந்தேன். காஜா பெராங்கில், தவ்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி இரண்டு குதிரை வண்டிகள் வைத்திருந்தார். ஒன்றை மரிஹோட் என்ற சுமத்ராக்காரர் ஓட்டினார், மற்றொன்றை எனக்குக் கொடுத்தார்கள். மெர்டேக்கா வரப்போகிறது, சுதந்திரம் வரப்போகிறது என்று கோப்பிக் கடையெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த வருஷங்களில் பாதியை நான் தூங்கிக் கழித்தேன். மீதிப் பாதியில் என் குதிரை செவந்தியின் உயிர் ஊசலாடியது, அதையும் சொல்கிறேன்.

வளராத குட்டி

செவந்தி செம்பழுப்பு நிறம். கழுத்தில் அடர்ந்த பிடரி, கண்ணை மறைக்கிற முன்மயிர். உயரம் என் நெஞ்சு வரைக்கும்தான். சுமத்ரா மலையில் இந்த ஜாதிக் குதிரைகள் எல்லாமே இவ்வளவுதானாம். டெலித் துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் நீரிணைக்கு இந்தப் பக்கம் டெலிக் குதிரை என்று பெயர். ஒரு காலத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாடகை வண்டி இழுத்ததெல்லாம் இவைதான் என்று தவ்கே பெருமையாகச் சொல்வார். தீனி கொஞ்சம், பலம் அதிகம், கோபம் இல்லை. எனக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

முதல் நாள் பசார் வாசலில் வண்டியை நிறுத்தினேன். துணிக்கடை முதலாளி ஒருவர் வந்தார். நல்ல தொந்தி. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து செவந்தியைப் பார்த்தார். அவள் அரைக்கண்ணில் நின்றிருந்தாள். அவர் என் தோளில் கை வைத்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "குட்டியா இருக்குப்பா. வளர்ந்ததும் சொல்லி அனுப்பு, வந்து ஏறிக்கிறேன்."

கிராணி ஐயாவின் மதியம்

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலாக்காவில் எந்தக் குதிரை வண்டிக்காரனும் விழித்திருக்க மாட்டான். வெயில் ஓடுகளின் மேல் நின்றுவிடும். கடைகளில் பாதிக் கதவு சாத்தியிருக்கும். கடலிலிருந்து உப்புக் காற்று ஒன்று தெருத் தெருவாக வந்து கண் இமையைத் தடவும். கடிவாளத்தைத் தளர விட்டால் போதும், குளம்புச் சத்தம் தாலாட்டாகிவிடும். செவந்திக்கு ஊரில் எல்லா வழியும் தெரியும்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வாரத்தில் ஒரு மதியம் வண்டியில் ஏறுவார். வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம், தூங்க முடியவில்லை என்பார். ஏறி உட்கார்ந்ததும் அவர் தலை சாயும். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து என் தலையும் சாயும். ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் விழித்துப் பார்த்தபோது வண்டி கிளேபாங் கடற்கரையில் நின்றிருந்தது. சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு அலை திரும்பியது. செவந்தி மேற்கே பார்த்து, காதை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். எதிரே கடல், அதற்கு மேல் வெள்ளை வெளிச்சம், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத மங்கல். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, யாருக்குத் தெரியும்.

திட்டு விழப்போகிறது என்று நான் தலையைச் சொறிந்தேன். கிராணி ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்க போகணும்னு நான் சொல்லவே இல்லையே தம்பி, எப்படிச் சரியாக் கொண்டாந்தே?"

மலையிலிருந்து இறங்கிய சாம்பிராணி

மரிஹோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சுமத்ரா மலைகளில் வாழும் பாத்தாக் இனத்துக்காரர். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், குதிரைகளை ஏற்றிவந்த தொங்காங்கில் அவற்றைப் பார்த்துக்கொள்ள வந்தவர். குதிரைகள் விற்றுப்போயின, மனிதர் இங்கேயே தங்கிவிட்டார். செவந்தி அந்தப் படகில் வந்த குட்டி. அவரை நான் அபாங் என்று கூப்பிடுவேன். அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நான் சின்னையா, என் பெயரே அதுதான். நாங்கள் எல்லோரும் கடைத்தெருப் பேச்சான பசார் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மழை பெய்து சவாரி இல்லாத நாட்களில் லாயத்தில் உட்கார்ந்து அவர் தன் ஊரைப் பற்றிப் பேசுவார். மலைக்கு மேல் ஒரு பெரிய ஏரி. நடுவில் தீவு. காலையில் மூடுபனி தண்ணீர் மேலேயே படுத்திருக்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து குதிரைகள் ஒவ்வொன்றாக வரும். எந்தக் காலத்திலிருந்து அங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. வடக்கே மங்கோலியர் நாட்டிலிருந்து வந்த ரத்தம் என்பார் ஒருவர். அரபு வியாபாரி விட்டுப்போன குதிரையோடு கலந்தது என்பார் இன்னொருவர். பந்தயம் விடுவார்கள், சூதாட்டத்தில் வைத்துத் தோற்பார்கள், பசி வந்தால் தின்றும்விடுவார்கள். மலைக்காட்டில் மரத்தைக் கீறி எடுத்த சாம்பிராணி, மனிதர் முதுகிலும் இந்தக் குதிரைகளின் முதுகிலும் ஏறித்தான் கடற்கரைக்கு இறங்குமாம். அங்கே அதை வாங்க அந்தக் காலத்திலேயே தமிழ் வியாபாரிகள் காத்திருந்தார்களாம். நம் கோயிலில் புகைகிற சாம்பிராணிக்கும் செவந்தியின் பாட்டன் பூட்டனுக்கும் இப்படி ஒரு சம்பந்தம். அன்றைக்கு அவள் கழுத்தை மோந்து பார்த்தேன், வெறும் வைக்கோல் வாசனைதான்.

"ஒவ்வொரு குலத்துக்கும் மூணு குதிரை சாமிக்குன்னு விட்டுடுவாங்க. கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு" என்றார். அவற்றை யாரும் அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, ஏறக் கூடாது. யார் வயலில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. அந்தப் பெரிய சாமியின் பெயர் என்ன என்று கேட்டேன். பட்டாரா குரு என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நம்ம ஊர்ச் சாமி யாரோ கடல் தாண்டிப் போய் மலையேறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் மரிஹோட் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைச் சட்டை போட்டுத் தேவாலயத்துக்குப் போகிறவர். பிறகு ஏன் அண்ணே, சிவப்புக் குதிரையைப் பார்த்தால் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள் என்று வம்புக்குக் கேட்டேன். செவந்தியின் பிடரியைக் கோதிவிட்டபடி அவர் சொன்னார்: "நாங்க மதம் மாறிட்டோம் சின்னையா. குதிரை மாறலையே."

மாப்பிள்ளை ஊர்வலம்

கல்யாணத்துக்கும் செவந்தியைக் கேட்டு வருவார்கள். ஒரு முறை மாப்பிள்ளைக்கு நல்ல உயரம். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு காலும் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டன. மாப்பிள்ளை குதிரையில் போகிறாரா, குதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறாரா என்று தெருவே சிரித்தது. நான் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் நாகஸ்வரமும் தவிலும். அந்தச் சத்தத்தில் பெரிய குதிரைகள் மிரளும் என்பார்கள். செவந்தி கொட்டாவி விட்டாள்.

மிரளாத குதிரைக்கு வேறு வியாதி உண்டு. தினமும் அந்த நேரத்தில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் அவளுக்கு ஒரு துண்டு குலா மலாக்கா கிடைக்கும். அந்தத் தென்னங்கருப்பட்டிக்காக அவள் எதையும் விட்டுக்கொடுப்பாள். பெண் வீட்டுப் பந்தல் வந்தது. செவந்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் இழுத்தேன், அவள் என்னை இழுத்தாள். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் வாயைப் பிளக்க, மேளம் வாசித்தவர்கள் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே பின்னால் வர, மொத்த ஊர்வலமும் கோப்பிக் கடை வாசலில் போய் நின்றது. எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. மாப்பிள்ளை மட்டும் நிதானமாகத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "வந்தது வந்தாச்சு, ஆளுக்கொரு கோப்பி போடுங்க. இதுக்கப்புறம் எப்போ நிம்மதியாக் குடிக்கப் போறேன்?"

நின்றிருந்த லாரி

எங்கள் லாயத்துக்குப் பக்கத்தில் பழைய தமிழ் வியாபாரிகளின் வம்சமான மலாக்காச் செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். அங்கிருந்து ஓர் அம்மா விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் செய்து எடுத்துப்போவார். அலுங்காமல் போக வேண்டும் என்பதால் செவந்தி வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம்.

அன்று அவர் மடியில் பலகாரத் தட்டு. நான் வழக்கம்போல் பாதித் தூக்கம். திடீரென்று வண்டி நின்றது. பார்த்தால், எப்போதும் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. செவந்தி அதன் பின்பலகையில் மூக்கை வைத்து, அது நகரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். விலகவில்லை. நான் இறங்கிப் போய் அவள் முன்மயிரை ஒதுக்கினேன். அவள் கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெண்மை. கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. மற்றொரு கண்ணும் அப்படியே. எத்தனை மாதமாக இப்படியோ! லாரிகளுக்கு இடையில், சைக்கிள்களுக்கு இடையில், பாலத்தின் மேல், கடலுக்குப் பக்கத்தில், எல்லா இடத்துக்கும் அவள் நினைவை வைத்துக்கொண்டே நடந்திருக்கிறாள். நான் தூங்கினேன், அவள் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரைச் சுற்றியிருக்கிறோம்.

பலகார அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, இறங்கிவிடுங்கள், வேறு வண்டி பிடித்துத் தருகிறேன் என்றேன். அவர் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் ஏன் இறங்கணும்? கண்ணு தெரிஞ்சவன் ஓட்டுன வண்டியிலதான் என் பலகாரம் ரெண்டு தடவை கொட்டிச்சு."

புலிக்குக் கவலை இல்லை

கண் தெரியாத குதிரையை டவுனில் வண்டியில் பூட்டக் கூடாது என்பது சட்டம். தவ்கேயிடம் மறைக்கவும் முடியாது. லாயத்துக்குள் வந்து பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. வருஷக்கணக்காக உழைத்த குதிரையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஆனால் உட்காரவைத்துத் தீனி போட வியாபாரிக்கு மனம் வருமா? அந்த மாதம் ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்திருந்தது. திடல் பக்கமிருந்து சாயங்காலக் காற்றில் யானை வாசனையும் வாத்தியச் சத்தமும் வந்துகொண்டிருந்தன. அவர்கள் வயதான மாடு, குதிரை எல்லாம் வாங்கிக்கொள்வார்கள் என்று தவ்கே தரையைப் பார்த்தபடி சொன்னார்.

எனக்கு ஒரு கணம் சந்தோஷம்தான். செவந்தி சர்க்கஸில் வேலை செய்வாள், குழந்தைகள் கைதட்டுவார்கள் என்று கனவு கண்டேன். தூங்குமூஞ்சிக்குப் புத்தி அவ்வளவுதானே? கண் தெரியாத குதிரை வித்தை எப்படிக் காட்டும் தவ்கே என்று கேட்டும்விட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மரிஹோட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவ்கே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வித்தைக்கு இல்ல சின்னையா. புலிக்கு. புலி, கண்ணு தெரியுதா தெரியலையான்னு கேக்காது."

பாக்கியத்தின் யோசனை

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. என் மனைவி பாக்கியத்துக்குச் செவந்தி மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. நீங்கள் வீட்டுக்குள் வந்தால் லாயமே வருகிறது என்று மூக்கைப் பிடிப்பாள். ஆனால் நான் அழுததை அவள் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள். என்னால் மறைக்க முடியவில்லை. கல்யாணமாகி அவளோடு பேசியதைவிட அந்தக் குதிரையோடு நான் பேசியது அதிகம்; அதையும் சொல்லி அழுதேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

நடந்தது எல்லாவற்றையும் கேட்டாள். மரிஹோட் ஊரில் சாமிக்கு விடும் மூன்று குதிரைகளின் கதையையும் சொன்னேன். அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இதற்கா இவ்வளவு அழுகை என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "நம்ம தோட்டத்துல முனியாண்டிக்கு நேர்ந்து விட்ட காளை எத்தனை வருஷம் திரிஞ்சுச்சு? மானேஜர் துரை தோட்டத்துச் செடியைத் தின்னப்பகூட யாரும் அதைத் தொடலையே. செவந்தியையும் நேர்ந்து விடுங்க. சாமி பொருளைத் திங்க எந்தப் புலிக்கு என்ன தைரியம் இருக்குன்னு பாப்போம்!"

சிலிர்ப்பு

காஜா பெராங் முனையில் ஒரு பெரிய மழைமரம், அதன் அடியில் முனியாண்டி. பூசாரி காளியப்பன் அண்ணன் பகலில் லாரிக் கிளீனர், வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. தவ்கேயும் அந்த மரத்தடியில் ஊதுபத்தி ஏற்றாமல் கடை திறக்காதவர். நாங்கள் கேட்டதும் அவர் யோசித்தார். சாமி கேட்டால் தர மாட்டேன் என்று சொல்ல அவருக்குப் பயம். நாங்கள் சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறோமோ என்றும் பயம். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். சாமி அவர் கண்ணெதிரே உத்தரவு கொடுக்க வேண்டும். கொடுத்தால் குதிரை சாமிக்கு. கொடுக்காவிட்டால் சாயங்காலம் சர்க்கஸ் லாரி வரும்.

உத்தரவு எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் உருப்படி உடம்பைச் சிலிர்க்க வேண்டும். ஆடென்றால் ஒரு செம்புத் தண்ணீருக்கே உதறும். நாங்கள் மறந்துபோன விஷயம், செவந்தி மலாக்கா மழையில் வருஷக்கணக்காக வண்டி இழுத்தவள். காளியப்பன் அண்ணன் ஒரு செம்பு ஊற்றினார். அவள் சுகமாக இருக்கிறது என்பதுபோல் நின்றாள். இன்னொரு செம்பு. கீழுதடு தொங்கியது. நான் குடத்தையே கவிழ்த்தேன். அவள் தூங்கிவிட்டாள்! என்னிடம் கற்றுக்கொண்ட வித்தை, என் கண்ணெதிரேயே அவள் உயிரை வாங்கப் பார்த்தது. சாம்பிராணிப் புகை மரத்தடியில் மெல்ல விரிந்து, அவள் காலையும் வயிற்றையும் மூடி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். தவ்கே லாரி வரும் சடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லாரிச் சத்தம் கேட்கிறதோ என்று நானும் திரும்பினேன்.

அப்போது மரிஹோட் புகைக்குள் நுழைந்தார். செவந்தியின் காதோடு வாய் வைத்து, தன் மலைப் பாஷையில் என்னவோ சொன்னார். அவள் காது விறைத்தது. மூக்கு விடைத்தது. நெற்றியில் தொடங்கிய சிலிர்ப்பு கழுத்து, முதுகு, தொடை என்று ஓடி வாலில் போய் முடிந்தது. மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது. காளியப்பன் அண்ணன் அலறினார், தவ்கே கைகூப்பித் தரையில் விழுந்தார், நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினேன். எல்லாம் அடங்கிய பிறகு மரிஹோட்டைத் தனியே கூப்பிட்டு, அண்ணே, எந்த மந்திரம் அது, பட்டாரா குரு மந்திரமா என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மந்திரமா? 'முதுகுல ஈ உக்காந்திருக்கு'ன்னு சொன்னேன்."

எந்தச் சாமியும் கேட்காதது

நேர்ந்து விட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மறுநாள் காலை பழக்கதோஷத்தில் வார்ப்பட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மரிஹோட் கையைத் தட்டிவிட்டார். பூட்டக் கூடாது, கட்டக் கூடாது, ஏறக் கூடாது. காளியப்பன் அண்ணனும் அதையே சொன்னார். இரண்டு ஊர்ச் சாமிகளும் இந்த விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். செவந்தி கயிறு இல்லாமல் லாயத்தை விட்டு வெளியே போனாள். அவளைக் காப்பாற்றியதில் எனக்கு இருந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. ஆனால் வீட்டில் உலை வைக்க வேண்டுமே?

தவ்கேயிடம் போய், வேறு ஒரு குதிரை வாங்கித் தாருங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு புதுப் பெச்சாவைக் காட்டினார். மூன்று சக்கரம், சிவப்புச் சாயம், பளபளவென்று மணி. நான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மிதிகட்டை இருந்தது. தூங்குவதற்கு வழி எதுவும் தெரியவில்லை. தவ்கே மணியை ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இன்னொரு குதிரை வாங்கினா அதையும் உங்க சாமி கேக்கும். பெச்சாவை எந்தச் சாமியும் கேக்காது, எடுத்துக்கோ."

திடலுக்குப் போகும் சடக்கு

மெர்டேக்கா எந்த நாள் என்று சொல்லப்போகிறார்கள் என்று ஊரே கடலோரத் திடலுக்குத் திரண்ட தினம் அது. காஜா பெராங்கிலிருந்தும் கிளேபாங்கிலிருந்தும் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் லாரியிலும் வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் தோளில் இருந்தார்கள். எல்லோர் முகத்திலும் அதிகாலையில் எழுந்தவர்களின் கனவுக் களை. எனக்கு மட்டும் முழங்கால் வலி. என் பெச்சாவில் உட்கார்ந்திருந்தவர், முதல் நாள் செவந்தியைப் பார்த்துக் குட்டி என்று சொன்ன அதே துணிக்கடை முதலாளி. இத்தனை வருஷத்தில் தொந்தி இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாகியிருந்தது.

பாலத்தை நெருங்கும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் செவந்தி. கழுத்தில் யாரோ போட்ட சாமந்தி மாலை, நெற்றியில் மஞ்சள். மலாய்க்காரர் ஒருவர் தன் பிள்ளையை இழுத்து வழிவிட்டார். சீனக் கிழவி ஒருத்தி தலை குனிந்து கும்பிட்டாள். லாரி ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் ஊர்ந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. பழகிய வழியில், பழகிய நடையில், கடல் வாசனை வந்த திசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் மணி அடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால், அவள் வேகத்துக்கே மிதித்தேன். ஒரு பாட்டு முணுமுணுக்க வேண்டும் போல் இருந்தது; அவ்வளவு நிறைவாக இருந்தது எனக்கு, சத்தியமாகச் சொல்கிறேன். வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

முதலாளி முன்னால் போகும் குதிரையைப் பார்த்தார். திரும்பி மிதிக்கிற என்னைப் பார்த்தார். மறுபடியும் குதிரையைப் பார்த்தார். பிறகு, உண்மையாகவே புரியாதவர் குரலில் கேட்டார்: "குதிரை கைய வீசிக்கிட்டுப் போவுது, நீ வண்டி இழுத்துக்கிட்டு வர்றே. மெர்டேக்கா உனக்கா, அதுக்கா?"

வண்டியின் ஏர்க்காலுக்குள்ளிருந்து ஓர் உயிர் வெளியே போக வேண்டுமென்றால் இன்னோர் உயிர் உள்ளே வந்து நின்றாக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது, அப்படி நின்றதில் எனக்கு வருத்தமில்லை, மதியத் தூக்கம் போனதுதான் கொஞ்சம் வருத்தம்.